மாமா பெயர் எழுதிய வளையம்

சாஜிங், ஷென்ஜென்
3 மார்ச் 2014

அன்புள்ள அத்தைக்கு,

ருய்ஜுவான் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மகனும் சுகம். உங்கள் முழங்கால், உங்கள் காது, உங்கள் தேயிலை டப்பா, மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதுங்கள். போனில் கேட்டால் நான் ஒன்று கேட்க நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். போன வாரம் "சாப்பிட்டீங்களா" என்று நான்கு முறை கத்தினேன். "மழையா? இங்க இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இனிமேல் கடிதம்தான்.

ஒரு சந்தோஷமான சேதி. விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே முதலாளி ஜெங் என்னைக் கூப்பிட்டு, புது மின் சிகரெட்டுக்குப் பேட்டரி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட ஒரு தாள் இருக்கிறது. நான் போடாமல் ஒரு பேட்டரிகூட உள்ளே வரக் கூடாது. "அந்தப் பொண்ணு சிடுசிடுன்னு இருக்கும், அதான் சரியான ஆளு" என்றாராம். புகழ்ந்தாரா திட்டினாரா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், ஒரு பேட்டரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று. அத்தை, இது கடிகாரத்தில் போடுகிற பேட்டரி இல்லை. விரலைவிடக் கொஞ்சம் தடிமன், ஆனால் உள்ளே ஒரு அடுப்பையே அடைத்து வைத்த மாதிரி. சாதனம் வெறும் எஃகுக் குழாய். மனிதர்கள் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து உறிஞ்சுகிறார்கள். பேட்டரி கெட்டதாக இருந்தால் அது வெடிக்கிற இடம் வாய். அதனால் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன், மின்சாரத்தை முழுக்க இழுத்துப் பார்க்கிறேன், எவ்வளவு சூடாகிறது என்று எழுதி வைக்கிறேன்.

உங்கள் மகன் லாரியோடு ஹுய்ஜோ போயிருக்கிறார். உப்பு முள்ளங்கி தீர்ந்துவிட்டது. சொல்லவில்லை, சும்மா எழுதினேன்.

வணக்கத்துடன்,
ருய்ஜுவான்


சியாபு, ஜியேயாங்
17 மார்ச்

ருய்ஜுவானுக்கு,

முழங்கால் மழை வரும்போது மட்டும் பேசுகிறது. காது யார் பேசினாலும் கேட்கவில்லை, அதனால் நிம்மதி. தேயிலை பாதி டப்பா. முள்ளங்கி அனுப்பியிருக்கிறேன். "சும்மா எழுதினேன்" என்பவளுக்குச் சும்மா ஒரு ஜாடி.

மருமகளுக்கு மட்டும்தான் வேலை கிடைக்குமா? எனக்கும் கிடைத்திருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் ஏழு பெண்கள் உட்கார்ந்து சாமான்களுக்குச் சட்டை போடுகிறோம். சட்டை என்றால் பிளாஸ்டிக் உறை. சாமானை உள்ளே நுழைத்து, ஹேர் டிரையரைக் காட்டினால் அப்படியே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வேலையைக் காண்டிராக்ட் எடுத்தவனே, "அக்கா, உங்க கை கையில்லை, மெஷின்" என்று கை தட்டினான். அறுபத்தோரு வயதில் யாராவது எனக்குக் கை தட்டினால் நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

என்ன சாமான் என்று கேட்காதே. வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஏதோ டார்ச் லைட்டு சம்பந்தமாம்.

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் மாமாவுக்கு மேலுலகத்தில் பணமாகப் போய்ச் சேர எரிக்கிற தகடு பூசிய காகிதத்தில் ஒவ்வொன்றிலும் அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஆவி வாங்கிக்கொண்டு போய்விடும், உயிரோடு இருந்தபோதே அவர் ஏமாளி. இந்த முறை மை ஊறி ஒரு கட்டு கெட்டுப்போயிற்று. கெட்டதை எரிக்கக் கூடாது. தூக்கிப் போடவும் மனமில்லை, ஓரமாக வைத்திருக்கிறேன்.

என் மகனை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

முஜென்


சாஜிங்
11 ஏப்ரல்

அன்புள்ள அத்தைக்கு,

முள்ளங்கி வந்தது. உங்கள் மகன் காலைக் கஞ்சிக்கே பாதி ஜாடியைக் காலி செய்துவிட்டார். உங்களுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு உங்களைவிடச் சந்தோஷம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சூடான பிளாஸ்டிக் நெடி நல்லதில்லை. திருநாளுக்கு வர முடியாமல் போனது உறுத்துகிறது. மாமாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டீர்களா?

இங்கே எனக்கும் முதலாளிக்கும் முட்டிக்கொண்டது. யாவ் என்பவரிடமிருந்து ஊதா நிற உறை போட்ட பேட்டரிகள் மாதிரிக்கு வந்திருக்கின்றன. உறையில் 6000 என்று அச்சடித்திருக்கிறது. இந்த அளவுப் பேட்டரியில் உலகத்தில் யாராலும் அவ்வளவு அடைக்க முடியாது, அத்தை. ஒரு லிட்டர் சீசாவில் இரண்டு லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்று எழுதி ஒட்டிய கதை. இழுத்துப் பார்த்தேன், 1400கூட வரவில்லை. கை வைக்க முடியாத சூடு. உறையை நீக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் வெல்டிங் வைத்த தழும்பு, மேலே உப்புத் தாள் தேய்த்திருக்கிறது. யாரோ பழைய மடிக்கணினியில் உழைத்து ஓய்ந்துபோன பேட்டரி.

"வேண்டாம்" என்றேன். முதலாளி தேநீரை ஊற்றிக்கொண்டே, "யாவ் நம்ம ஜியேயாங் ஆளும்மா. நம்ம ஆளு நம்மளை ஏமாத்துவானா?" என்றார்.

"பேட்டரிக்கு ஊர் தெரியாது, முதலாளி."

"உன் வாய்க்கு ஒரு உறை போடணும்" என்றார். ஜூன் கடைசிக்குள் ஐயாயிரம் சாதனம் போக வேண்டும். யாவ் வேறு பேட்டரி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். பார்க்கலாம்.

அன்புடன்,
ருய்ஜுவான்


சியாபு
26 ஏப்ரல்

ருய்ஜுவானுக்கு,

நான் சுகம். உன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவர் என்றைக்கு உன்மேல் கோபப்பட்டார்?

வேலை நன்றாக நடக்கிறது. ஊதா உறை முடிந்து இப்போது ஆரஞ்சு உறை. உறைக்கு அடியில், தலைப்பக்கம் சின்னப் பச்சை அட்டை வளையம் ஒன்று வைக்க வேண்டும். ஆரஞ்சு வந்த அன்றைக்கே அந்த வளையம் தீர்ந்துபோயிற்று. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்படி உட்காரத் தெரியாது. வீட்டுக்குப் போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். பச்சையைவிடப் பார்க்க அழகு. எடுத்தவன் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் அம்பேல்" என்றான். என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்கச் சொன்னாள். பழைய பேட்டரிக்குச் சட்டையை மட்டும் மாற்றினால் அவ்வளவு மோசமா? மனிதர்களும்தான் பழைய உடம்புக்குப் புதுச் சட்டை போடுகிறோம். அவசரமில்லை, ஞாபகம் வந்தால் எழுது.

முஜென்


சாஜிங்
12 மே

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பிக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

யாவின் ஆரஞ்சுப் பேட்டரிகள் வந்தன. ஒன்றைக் குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகினேன். இரண்டாவது சுற்றிலேயே உள்ளே 'சர்'ரென்று சத்தம். கையில் சூடு ஏறியது. மணல் வாளிக்குள் எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினேன். வாளிக்குள் இருந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தீ வந்தது. மணல் இருந்ததால் தப்பினோம். வாங்கியவர் யாராவது அதை வாயில் வைத்திருந்தால்?

அடுத்த ஆரஞ்சுப் பேட்டரியின் உறையை, இரும்பு படக் கூடாது என்பதால், நகத்தால் பிரித்தேன். தலைப்பக்கம் பச்சை வளையம் இல்லை. அந்த வளையத்துக்கு ஒரே ஒரு வேலைதான், அத்தை. நடுவில் உள்ள குமிழ் ஒரு முனை, சுற்றியுள்ள உடம்பு முழுக்க மறு முனை. இரண்டும் தொட்டுவிடாமல் நடுவில் நிற்பதுதான் வளையம். அங்கே தகடு பூசிய காகிதம் இருந்தது. தடுக்க வேண்டிய இடத்தில் பாலம் போட்டிருந்தது. காகிதப் பக்கம் கீழே இருந்ததால் இவ்வளவு நாள் பொறுத்திருக்கிறது. திருகி அழுத்தியதும் தகடு மடிந்து இரண்டையும் தொட்டுவிட்டது.

வளையத்தில் மையால் எழுதிய ஒரு எழுத்து இருந்தது. பாதி எழுத்து. அந்த வளைவை நான் இங்கே முள்ளங்கி ஜாடி வருகிற பெட்டி மேலெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை யார் சுற்றினார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மகனிடமும். வளையத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில்: சட்டை மாற்றியவர் மேல் தப்பில்லை. என்ன சாமான், எங்கே போகிறது என்று சொல்லாமல் கையில் கொடுத்தவன் மேல்தான் தப்பு.

தீப்பிடித்ததையும் யாவ் பூசி மெழுகிவிட்டார். "பொண்ணு தலைகீழா மாட்டியிருக்கும்" என்றார். முதலாளி நம்பிவிட்டார். ஜூன் 20க்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால், போடுகிற ஆளை வைத்துக்கொள்வாராம். 19ஆம் தேதி ஹுய்ஜோவில் நேரடியாகப் பேட்டரி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நானே போகிறேன். நல்லதைக் கையில் கொண்டுவந்து காட்டினாலாவது மனம் மாறுவாரா என்று பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்துக்குப் போகாதீர்கள். உங்களை என் இரண்டு கையாலும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ருய்ஜுவான்


சாஜிங்
6 ஜூன்

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? இருபத்தைந்து நாளாகிறது. படகுத் திருநாளுக்கு உங்கள் மகன் வாங்கிவந்த, இலையில் கட்டி வேகவைத்த அரிசிப் பொட்டலத்தைக்கூட நான் பிரிக்கவில்லை. "அம்மா ஏன் எழுதலை?" என்று கேட்கிறார். "தபால்காரருக்கு லீவு" என்கிறேன். எத்தனை நாளைக்கு லீவு கொடுக்க முடியும்?

என்மேல் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். நீங்கள் திட்டினால் தாங்குவேன், சும்மா இருந்தால் தாங்க முடியவில்லை.

யாவ் உங்கள் ஊர்க்காரர், நாளைக்கு ஊரில் உங்கள் முகம் என்னாவது என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அத்தை. வேலை போனால் போகட்டும். உங்கள் கையால் செய்ததை என் கையால் ஒருத்தர் வாயில் வெடிக்க விட முடியாது. இதை எழுதும்போது அழுகை வருகிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

ருய்ஜுவான்


சாஜிங் பேருந்து நிலையம்
19 ஜூன்

ருய்ஜுவானுக்கு,

பதறாதே. ஆமாம், உன் ஊரில் இருந்துதான் எழுதுகிறேன். நீ ஹுய்ஜோ போகிற நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். நீ இருந்தால், "அத்தை, உட்காருங்க, அத்தை, வேண்டாம்" என்று காரியத்தைக் கெடுத்திருப்பாய். இந்தக் கடிதத்தை உன் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மூன்று மணி வண்டியில் போகிறேன்.

உன் கடிதத்தில் இருந்து அந்த வளையம் மடியில் விழுந்தபோது, என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. நல்லதென்று நினைத்துச் செய்தேனே என்று இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை. உன்மேல் கோபமில்லை, வெட்கம். மூன்றாம் நாள் கூடத்துக்குப் போனேன். மற்ற ஆறு பேரிடமும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஏழு ஹேர் டிரையரும் அன்றோடு நின்றன. அடுக்கி வைத்திருந்த ஆரஞ்சுப் பெட்டி பதினொன்றையும் நாங்களே உட்கார்ந்து பிரித்துப் போட்டோம். தகடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் உன் முதலாளியிடம் ஏற்கெனவே வந்தது இருக்கிறதே? அதற்காகத்தான் கிளம்பினேன்.

காவலாளி விடவில்லை. "ஜியேயாங்கில் இருந்து வந்திருக்கேன், உங்க முதலாளி நம்ம ஊர் ஆளு, ஒரு வாய் தேநீர் தராமலா அனுப்புவாரு?" என்று நம் பேச்சில் சத்தமாகச் சொன்னேன். ஜெங் எழுந்தே வந்துவிட்டார். நம் ஊர்க்காரன் தேநீர் மேஜையில் இருந்து ஒரு வயசான பெண்பிள்ளையை விரட்ட முடியுமா?

மேஜையில் யார் உட்கார்ந்திருந்தது என்கிறாய்? யாவ்! கோப்பை கையில் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, முகத்தில் ஈயாடவில்லை. 

"அம்மா, என்ன விஷயம்?" என்றார் ஜெங்.

"உன் பேட்டரியில என் புருஷன் இருக்காரு. கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

அவருக்கு நான் பைத்தியம் என்று தோன்றியிருக்கும். யாவ் முந்திக்கொண்டு, "யாரோ பாவம், புத்தி கலங்கின அம்மா, எனக்குத் தெரியாது" என்றான்.

"தெரியாதா? 'உங்க கை கையில்லை, மெஷின்'னு கை தட்டினியே, அது யாருக்குடா தட்டினே, சுவத்துக்கா?"

பிறகு ஜெங்கிடம் சொன்னேன். "ஆரஞ்சு உறையில பத்து கொண்டாரச் சொல்லு. நீயே பொறுக்கி எடு. பத்துலயும் தலையில தகடு காகிதம் இருக்கும். ஒண்ணுல பச்சை வளையம் வந்தாலும் நான் புத்தி கலங்கினவதான், எந்திரிச்சுப் போயிடறேன்."

அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கத்தரியை நீட்டினார். "இரும்பு ஆகாது, மருமக எழுதியிருக்கா" என்று சொல்லிப் பல் குத்தும் மூங்கில் குச்சி வாங்கிக்கொண்டேன். நான் உறை போட்ட வேகத்தை நீ பார்த்ததில்லை. உரித்த வேகத்தையாவது பார்த்திருக்கலாம்! ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தகடு. வளையங்களைத் தேநீர்த் தட்டில் வரிசையாக வைத்தேன். ஒன்பதாவது வந்தபோது, துண்டு துண்டாக இருந்த எழுத்துகள் சேரும்படி வளையங்களை நகர்த்தி வைத்தேன். ஜுவாங் யோங்ஷுன். உன் மாமாவின் பெயர் முழுசாக வந்துவிட்டது.

ஜெங் நம் ஊர்ப் பிள்ளை. தகடு காகிதம் எதற்கு, அதில் பெயர் எதற்கு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டைப் பார்த்தார், யாவைப் பார்த்தார். "செத்தவங்களுக்கு எழுதினதை உயிரோட இருக்கறவன் வாயில வைக்கச் சொல்றியா?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. யாவ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான், ஒரு செருப்பைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு போனான்.

"நான்தான் வெட்டினேன். தெரியாம செஞ்சேன், ஆனா செஞ்சது நான். என் மருமக கண்டுபிடிச்சும் என் பேரைச் சொல்லலை. அவ கையெழுத்தை நீ மதிக்கலை. இப்ப மதி" என்றேன்.

பத்தாவதை உரிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். தேநீர் நன்றாக இருந்தது, கொஞ்சம் கசப்பு குறைவு.

வண்டிக்கு நேரமாகிறது.

முஜென்


சாஜிங்
2 ஜூலை

என் அருமை அத்தைக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் கடிதத்தைப் படிக்கையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும், "பத்தாவதை உரிக்கட்டுமான்னு கேட்டாங்களாம் எங்கம்மா" என்று சொல்லித் திரிகிறார்.

20ஆம் தேதி காலை முதலாளி என் மேஜைக்கே வந்தார். யாவின் சரக்கு எல்லாவற்றையும் ஒதுக்கி, பத்திரமாக அழிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் யார் யாருக்கு விற்றான் என்று கேட்டு, அவர்களுக்கெல்லாம் தானே போன் செய்து, "ஆரஞ்சைத் தொடாதே" என்று சொன்னார். ஏற்றுமதியை மூன்று வாரம் தள்ளிவைத்தார். "நான் ஊரைப் பார்த்தேன், நீ பேட்டரியைப் பார்த்தே" என்றார். அதற்குமேல் அவரால் முடியாது, எனக்கும் அது போதும்.

ஹுய்ஜோ பேட்டரிகள் வந்துவிட்டன. உறையில் 2500 என்றுதான் எழுதியிருக்கிறது, 2500தான் வருகிறது! இருபது ஆம்பியர் இழுத்தேன், சூடு அளவோடு நின்றது. எடை எல்லாம் ஒன்றுபோல. நூறு பேட்டரியைப் பிரித்தேன், நூறிலும் ஒழுங்கான வளையம். நேற்று காலை பத்து மணிக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். சோதனை அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பாதி உங்களுக்கு.

ஒரு சின்ன அட்டையும் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போடுகிறோம்: உறை கிழிந்ததைப் பயன்படுத்தாதே, சாவியோடு சட்டைப் பையில் போடாதே, பெயர் தெரியாத உறையை நம்பாதே. முதலாளி கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: சந்தேகம் வந்தால் வாங்காதே.

தேநீர் மேஜையில் உங்கள் நாற்காலியில் அவர் யாரையும் உட்கார விடுவதில்லை. கசப்பான தேயிலையாக வாங்கி வைத்திருக்கிறார். எப்போது வருகிறீர்கள்?

உங்கள்,
ருய்ஜுவான்


சியாபு
12 ஆகஸ்ட்

ருய்ஜுவானுக்கு,

முழங்கால் சுகம், காது அப்படியே, தேயிலை டப்பா நிறைய. உன் முதலாளி அனுப்பியதுதான். நல்ல கசப்பு.

ஊரில் என் முகம் என்னாகும் என்று கவலைப்பட்டாயே. யாவ் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் அம்மாவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, உன் மருமக கையில சிக்குச்சு" என்றாள். நாங்கள் ஏழு பேரும் அதே கூடத்தில் இப்போது பீச் பழ வடிவ அச்சில் சிவப்புப் பலகாரம் பிடிக்கிறோம். அதிலும் நான்தான் வேகம். எந்தச் சாமான், எங்கே போகிறது என்று கேட்காமல் இனி எதையும் கையால் தொட மாட்டேன். பலகாரத்தில் அந்தச் சந்தேகமில்லை, பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

முந்தாநாள் ஆவிகளுக்குப் படைக்கிற நாள். புதுக் காகிதம் வாங்கி, மை ஊறாமல் ஒவ்வொன்றாக எழுதினேன். தேநீர்த் தட்டில் இருந்து எடுத்துவந்த ஒன்பது வளையங்களையும், நீ அனுப்பிய ஒன்றையும் முதலில் போட்டேன். கெட்டதை எரிக்கக் கூடாதுதான். ஆனால் இவ்வளவு வேலை பார்த்த காகிதத்தைக் கெட்டது என்று யார் சொல்வார்கள்? "ஏமாளின்னு உங்களை எத்தனை வருஷம் திட்டினேன். ஏமாத்தறவனைப் பிடிக்க உங்க பேரே போதுமா இருந்துச்சு" என்று அவரிடம் சொன்னேன்.

எல்லாம் நன்றாக எரிந்தது. உன் மாமாவுக்கு இந்த வருஷம் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

முஜென்